கொந்தளிப்பில் திடன்கொள்வது எப்படி: விசுவாசிகளுக்கு ஒரு கையேடு

காற்று எழும்பி அலை புரளும் காலத்தில் அசையாமல் நிற்பதற்கு நம் சபைகளில் இரண்டு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. கரையில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் தத்தளிப்பவர்களுக்கு வசனம் அனுப்புவது முதல் வழி. செலவு குறைவு, வேட்டி நனையாது, பார்ப்பவர்களுக்கும் நல்ல சாட்சியாக இருக்கும். இரண்டாவது வழியில் வேலை அதிகம், கை அழுக்காகும். வாசகர்களில் பெரும்பாலோர் முதல் வழியைத்தான் விரும்புவார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேவையான பொருட்கள்

வாக்குத்தத்த அட்டை ஒன்று. சமையலறைச் சுவருக்குத் தினவசனக் காலண்டர் ஒன்று. காரின் பின்கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கர். கார் இல்லாதவர்கள் பைக்கில் ஒட்டலாம். ஓயாமல் செய்தி வரும் வாட்ஸ்அப் குழு ஒன்று. வீட்டுக்குப் பெயர்ப்பலகை: எபிநேசர் இல்லம், பெத்தேல், யெகோவாயீரே. கடைசிப் பெயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்கக் கத்தியை எடுத்த மலைக்கு வைத்த பெயர் அது. வீட்டுக்கு வைப்பதில் தப்பில்லை. பிள்ளைகளிடம் கதையைப் பதமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு நெருக்கடி வேண்டும். வேலை போனது, ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளைக்குச் சீட் கிடைக்காதது, ஊருக்கு மேல் வந்த புயல், எது வேண்டுமானாலும் சரி. சொந்தமாக நெருக்கடி இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாருடையதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் நெருக்கடியில் திடனாக இருப்பது இன்னும் சுலபம்.

அட்டை எடுக்கும் முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்து, எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுத்து முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் தாம்பாளத்தோடு முன்னால் வந்து நிற்பார். அட்டைகள் குப்புறக் கிடக்கும். மேலே சுவிட்சர்லாந்து மலையும் ஏரியும். அடியில் வரப்போகிற வருஷம். மேலாக இருப்பதை எடுக்காதீர்கள், அது அவசரக்காரர்களுக்கு. கண்ணை மூடி, உதடு அசைய ஒரு சின்ன ஜெபம் செய்து, விரலை உள்ளே விட்டு நடுவாக்கில் கிடப்பதை இழுக்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள். நீதிமானுக்கு வரும் துன்பங்களில் அதுவும் ஒன்று என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த வசனம் ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு, சத்துருக்கள் வெட்கப்படுவது ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது உங்களுக்கென்றே வைக்கப்பட்டிருந்தது. பொறுமை, சிலுவை, உபத்திரவம் என்று வந்துவிட்டாலும் பதற வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெரியம்மை ஒருவர் வருஷந்தோறும் கையாளும் முறை இது:

"ஐயரே, இது எங்க வீட்டுக்காரவுகளுக்கு எடுத்தது. எனக்கு இனிமேத்தான் எடுக்கணும்."

வீட்டுக்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தக் குடும்பத்துக்கு வந்த இத்தனை வருஷத்து உபத்திரவமும் அந்த மனுஷன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

அட்டை அச்சடிப்பவர்களின் கத்தரிக்கோல் வேலையையும் பாராட்டியாக வேண்டும். தேவன் உங்களைப்பற்றி வைத்திருக்கும் நினைவுகள் நல்லவை என்று சொல்லும் எரேமியா 29:11 எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதற்கு நேர் மேலே இருக்கிற 10ஆம் வசனத்தை அட்டையில் பார்த்தவர் யாராவது உண்டா? அது 70 வருஷம் ஆகும் என்கிறது. கி.மு. 597இல் நெபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கடிதத்தை வாசித்தவர்களில் தலை நரைத்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பாமல் அங்கேயே அடக்கமாவார்கள் என்பது அதற்குள் இருக்கும் செய்தி. அட்டையின் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் போதாது.

அந்த நாட்களில் எரேமியாவுக்குப் போட்டியாக அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தார். அவர் கொடுத்த கெடு 2 வருஷம். எரேமியா கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த மர நுகத்தை எல்லார் முன்பாகவும் பிடுங்கி உடைத்தார். மேடை தெரிந்த மனுஷன். இதில் எனக்குப் பிடித்தது எரேமியாவின் முதல் பதில். ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். 70ஐவிட 2 யாருக்குத்தான் பிடிக்காது? பிறகுதான், இது நடக்காது என்று சொன்னார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் செத்துப்போனார். ஊழியம் மட்டும் நின்றபாடில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்புது மேடைகளில் அவர் குரலைக் கேட்கிறோம்.

எரேமியா கடிதத்தின் மற்ற பகுதி ஸ்டிக்கருக்கு உதவாது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள். எதிரியின் ஊரில் கத்தரிக்கன்று நடச் சொல்வதை யார் கார் கண்ணாடியில் ஒட்டுவார்கள்? என்னைக் கேட்டால் பாபிலோனில் அந்த ஜனங்களைக் காப்பாற்றியது 11ஆம் வசனத்தைவிட இந்தக் கத்தரிக்கன்றுதான். காலையில் எழுந்தால் தண்ணீர் ஊற்ற ஒன்று இருந்தது.

சங்கீதம் 91ஐ விட்டுவிட்டால் கையேடு முழுமையாகாது. 2020 ஊரடங்கில் அது ஏறாத வாசல் கதவு இல்லை. நல்ல சங்கீதம், குறைசொல்வதற்கில்லை. ஆனால் சுவிசேஷத்தில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து இன்னொருவருக்கு நீட்டியது யார் என்று மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று ஊக்கப்படுத்தியவர் சபை மூப்பர் அல்ல.

அட்டையில் ஒருநாளும் வராத சங்கீதம் 88. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றில் கடைசி இரண்டு வரிக்குள்ளாவது விடிந்துவிடும். இது இருட்டில் நடந்து இருட்டிலேயே முடிகிறது. அதையும் கோராகின் புத்திரர் ராகம் போட்டுப் பாடினார்கள். யாரும் எழுந்து, தம்பி, பாசிட்டிவா ஏதாவது பாடுங்க என்று சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி அழுகையும் முறையீடும்தான். தாம்பாளத்தில் 88ஐயும் ஒன்று போட்டு வைத்தால், அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒருவருக்காவது சரியான அட்டை கிடைக்கும்.

பிறருக்காகப் பாரப்படும் முறை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். பாய் விரித்து, ஃபேனைக் கூட்டி வைத்து, இரண்டு பாட்டுப் பாடி முடித்ததும் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். அப்போது குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

"யக்கா, பேரு சொல்ல விரும்பல. ஆனா ரொம்பப் பாரமா இருக்கு. ரெண்டாவது தெரு, பச்சை கேட்டு வீடு, மூத்த பையன்."

"யாரு, கண்டக்டர் மவனா?"

"நான் பேரு சொல்லலக்கா. கல்யாணமாகி எட்டு மாசந்தான் ஆகுது, பாவம் அந்தப் பிள்ள."

அடுத்து நடக்கும் ஜெபத்தில் கர்த்தருக்குத் தெரியாமல் போயிருக்கக்கூடிய விவரங்கள் அனைத்தும், கதவு எண் உட்பட, அவருக்குத் தெரிவிக்கப்படும். ஆமென் சொல்லிச் சுண்டலுக்கு எழும்போது மனது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று கவனியுங்கள். வந்திருந்த எல்லாருக்கும் திடன் கிடைத்துவிட்டது. பச்சை கேட்டு வீட்டுக்கு மட்டும் பாக்கி.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் விளக்கம் ஒன்றோடு போங்கள். இது ஏன் வந்தது, எந்தப் பாவத்தால் வந்தது, எந்தப் பாடத்துக்காக வந்தது. யோபுவின் சினேகிதர் மூவரும் இந்தத் துறையில் முன்னோடிகள். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் வந்து, அவனை அடையாளம் தெரியாமல் அழுது, ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தால் இன்றைக்கு அவர்களுக்கு நம்மூரில் கோயில் இருந்திருக்கும். பேச ஆரம்பித்தார்கள். அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். கண்டபடி சத்தம் போட்ட யோபு சரியாகப் பேசினான் என்று சொல்லிவிட்டார்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் இதற்கு யோபு வரைக்கும் போக வேண்டியதில்லை, டோனாவூர் போதும். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 வருஷம் ஓர் அறையும் கட்டிலும்தான். ஆறுதல் சொல்லும் சிறு புத்தகங்கள் அவருக்கும் வந்து குவிந்தன. எழுதியவர்கள் எல்லாரும் திடகாத்திரமானவர்கள். வாசித்து வாசித்து அலுத்துப்போய், நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக அவரே ஒரு புத்தகம் எழுதினார். 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற பெயரில் 1933இல் வந்தது. கல்லறையில் நினைவுக்கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியும் அம்மை என்ற சொல்லும்தான் இருக்கின்றன. கட்டிலில் படுத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் போகும் வழியில் இதை நினைத்துக்கொண்டு, வசனத்துக்குப் பதில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகலாம். உரித்துக் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கலங்காத முகம் வைத்துக்கொள்ளும் முறை

எப்படி இருக்கீங்க என்று கேட்டால், கர்த்தருடைய கிருபை என்று சொல்லுங்கள். பதில் முடிந்தது. அழுகை வந்தால் பைப்பைத் திறந்துவிட்டுப் பாத்ரூமில் அழலாம்.

சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில் நோய் பயங்கரமாக இருந்திருக்க வேண்டும். நடுவில் ஜெபம். கடைசியில் டாக்டரே ஆச்சரியப்பட வேண்டும். டாக்டர் ஆச்சரியப்படாத சாட்சியைச் சபை ஏற்பதில்லை. ஜெபித்தும் கண் மூடிய தகப்பனைப்பற்றி மகள் பேச விரும்பினால் மைக் அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணும்.

முகத்தைப் பற்றிப் பேசும்போது மார்ட்டின் லூத்தரை ஒளித்துவைப்பது நல்லது. ஆண்டவரைக் கோட்டையாகப் பாடும் அவருடைய பெயர்பெற்ற பாட்டு 1527க்கும் 1529க்கும் நடுவில் பிறந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. அந்த 1527ஆம் வருஷம் அவர் கோட்டைபோல் இருந்தாரா என்றால், ஜூலையில் மயங்கி விழுந்தார். மாதக்கணக்கில் மனச்சோர்வு அவரைப் போட்டு வாட்டியது. ஆகஸ்டில் விட்டன்பர்க் ஊருக்குள் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள். நாட்டை ஆண்ட பிரபு அவரையும் போகச் சொன்னார். அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா பிள்ளைத்தாய்ச்சி. வீடே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது.

பிரெஸ்லாவு ஊர்க் குருமார்கள், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய பதில் கடிதத்தைத்தான் 2020இல், மாஸ்க் போடுவது அவிசுவாசமா என்று குழுக்களில் சண்டை நடந்தபோது பலரும் தூசி தட்டி எடுத்தார்கள். சாரம் இவ்வளவுதான்: மருந்து சாப்பிடு. வீட்டுக்கும் முற்றத்துக்கும் தெருவுக்கும் புகை போடு. உனக்கு வேலை இல்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கிக் கொடுத்துவிட்டு வராதே. அயலானுக்கு நீ வேண்டும் என்றால் மட்டும் போ. அப்போது பயப்படாமல் போ. மருந்தை உதறிவிட்டு விசுவாசம் காட்டுகிறவன் தேவனைச் சோதிக்கிறான் என்றும் எழுதினார். பயத்தால் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனுஷன் இத்தனை தெளிவாக எழுதியிருக்கிறான். திடன் வந்த பிறகுதான் வேலையைத் தொட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

எலியாவையும் ஒளித்துவைக்கலாம். கர்மேல் மலையில் அக்கினி இறக்கிய கையோடு, யேசபேல் விட்ட ஒரு மிரட்டலுக்கு வனாந்தரத்துக்கு ஓடினார். ஒரு சூரைச்செடிக்கடியில் படுத்து, போதும், செத்துப்போகிறேன் என்றார். பரலோகத்திலிருந்து ஒரு தூதன் வந்தான். நம் ஊழியர்களாக இருந்தால் தற்கொலை எண்ணம் எந்த ஆவியால் வருகிறது என்று தொடங்கியிருப்பார்கள். தூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடக் கொடுத்தான். பேச்செல்லாம் 40 நாள் கழித்து ஓரேப் மலையில்.

கஷ்டமான முறை (விரும்பாதவர்கள் தாண்டிச் செல்லலாம்)

மெதடிஸ்ட் சபையின் தகப்பன் ஜான் வெஸ்லி, இளம் குருவாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். அங்கே இருக்கும் பூர்வகுடிகளுக்குச் சுவிசேஷம் சொல்வது திட்டம். 1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. சிம்மண்ட்ஸ் என்ற அந்தக் கப்பலில் மொரேவியர் எனப்பட்ட ஜெர்மானிய விசுவாசிகள் சங்கீதம் பாடி ஆராதனை தொடங்கிய நேரம் அலை மேலே வந்து விழுந்தது. பெரிய பாய் கிழிந்தது, தளங்களுக்கு நடுவில் தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். ஜெர்மானியர் பாட்டை விடவில்லை. பயமாக இல்லையா என்று வெஸ்லி பிறகு கேட்டார். இல்லை என்றார் ஒருவர். பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் சாகப் பயமில்லை என்று பதில் வந்தது.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. பாட்டோடு கதையை முடித்து, நாமும் பாடுவோம் என்று கீபோர்டுக்காரருக்குச் சைகை காட்டிவிடுவார்கள். வெஸ்லியின் நாட்குறிப்பில் அதே நாள் பக்கத்தில், புயலுக்கு முன்னால் ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலேயர் எவரும் தொடாத கீழ்வேலைகளை இந்த ஜெர்மானியர்கள் மற்றப் பயணிகளுக்காக நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். கூலி கொடுத்தாலும் வாங்கவில்லை. கப்பலில் கீழ்வேலை என்றால் என்னவென்று வெஸ்லி விவரிக்கவில்லை. மாதக்கணக்கில் கடலில், வாந்தியும் பேதியுமாக அடைந்து கிடந்த ஒரு மரக்கப்பலில் அது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. வாளியைத் தூக்கிப் பழகியவர்களுக்குத்தான் அன்றைக்குத் தொண்டை அடைக்கவில்லை என்பது என் கணிப்பு. பாட்டை மட்டும் கற்றுக்கொண்டு வாளியை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: விடலாம், புயல் வராத வரை.

நம் பக்கத்துத் துட்டி வீடுகளிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். எல்லாரும் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எப்ப ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் நேரே சமையலறைக்குப் போவாள். சீனி எங்கே இருக்கிறது என்று அழுகிறவளிடம் கேட்கமாட்டாள். டப்பாக்களைத் திறந்து பார்த்து அவளே எடுத்துக்கொள்வாள். கடுங்காப்பி போட்டு, ஆற்றி, அந்த வீட்டுப் பிள்ளைகளை முதலில் குடிக்க வைப்பாள். இவளை யாரும் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும், எனக்கு அதெல்லாம் பேச வராது ஐயரே என்பாள். இவளுடைய அம்மாக்களும் பாட்டிகளும்தான் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போட்டு வைத்தவர்கள். மழை பொய்த்து வீட்டுக்கே அரிசி தட்டிய காலத்திலும் பிடி சின்னதாகியிருக்கலாம், பானை காலியாக இருக்காது.

இனி கப்பல் விஷயத்தின் மூல நூலுக்கு வருவோம், அப்போஸ்தலர் 27. ஏறத்தாழ கி.பி. 60. கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார் பவுல். அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பல், 276 பேர். பருவம் தப்பிவிட்டது, கிரேத்தாவிலேயே தங்குங்கள் என்று பவுல் சொன்னதை நூற்றுக்கு அதிபதி யூலியு கேட்கவில்லை. மாலுமி சொன்னதைக் கேட்டான். மாலுமி இருக்கும்போது கூடாரம் தைக்கிறவன் சொல்வதை எவன் கேட்பான்? தென்றல் அடித்தது, பாயை விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மலையிலிருந்து இறங்கியது.

அதற்குப் பிறகு வரும் பக்கம் வேதாகமத்தில் எனக்குத் தெரிந்த மிகக் கச்சிதமான வேலை விவரம். படகை இழுத்து மேலே ஏற்றினார்கள். கப்பல் பிளந்துபோகாமல் வடத்தால் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் சரக்கில் கொஞ்சம் கடலில் போனது; மூன்றாம் நாள் கப்பல் தளவாடங்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஸ்மித், பாய்மரப் படகோட்டி அனுபவம் உள்ளவர், இந்த ஒரு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு 1848இல் புத்தகமே போட்டார். கிலவுதா தீவிலிருந்து அவர்கள் கரையேறிய மெலித்தா வரைக்கும் அப்படிப்பட்ட கப்பல் அப்படிப்பட்ட காற்றில் அடித்துக்கொண்டு போக எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டார். சுமார் 13 நாள் வந்தது. அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா 14ஆம் ராத்திரி என்று எழுதியிருக்கிறார்.

இந்தப் புயலில் பவுல் எப்படித் திடனாக நின்றார்? முதலில் எழுந்து நின்று, நான் அப்பவே சொன்னேனே, கேட்டிருக்கலாமே என்றார். பரிசுத்தவான்களுக்கும் இந்த ஆசை உண்டு என்பதில் நமக்கு ஒரு ஆறுதல். பிறகு, தூதன் வந்து சொன்னதைச் சொன்னார்: கப்பல் போய்விடும், ஆள் ஒருவர்கூடப் போகமாட்டார். நேரடியான, பெயர் சொல்லி வந்த வாக்குத்தத்தம், தாம்பாளத்திலிருந்து எடுத்ததல்ல. நம்மில் யாருக்காவது அது கிடைத்திருந்தால் போர்வையை இழுத்து மூடியிருப்போம்.

14ஆம் ராத்திரி ஆழம் பார்த்தார்கள். 20 பாகம், கொஞ்சம் போய்ப் பார்த்தால் 15. பாறையில் மோதிவிடுமே என்று பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். மாலுமிகள் முன்னணியத்தில் நங்கூரம் போடப் போவதாகப் பாசாங்கு பண்ணி, படகை இறக்கித் தப்பி ஓடப் பார்த்தார்கள். பவுலுக்கு அது கண்ணில் பட்டது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே இருந்திருந்தால் பட்டிருக்காது. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று போர்ச்சேவகரிடம் சொன்னார். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தூதன் வாயால் கேட்டவர்தான் இதையும் சொல்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போது மாலுமி எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. சேவகர்கள் கயிற்றை வெட்டினார்கள். படகு போனது, மாலுமிகள் நின்றார்கள்.

விடியும் நேரம். 14 நாளாக யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சாப்பிடுங்கள், பிழைப்பதற்கு அது வேண்டும் என்றார் பவுல். கேட்பாரில்லை. அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டு, அவரே முதலில் சாப்பிட ஆரம்பித்தார். கப்பல் ஆடுகிறது, விலங்கு போட்டிருக்கலாம், வாயில் ரொட்டி. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் திடன் வந்தது என்று லூக்கா எழுதுகிறார். 276 பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மீதிக் கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலை லேசாக்கியது சாப்பிட்ட பிறகு. செய்முறையில் இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்யக் கூடாது.

கப்பல் தரை தட்டி, பின்பக்கம் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் மெலித்தா தீவில் கரையேறியபோது மழையும் குளிரும். ஊர்க்காரர்கள் நெருப்பு மூட்டினார்கள். ஸ்தோத்திரக் கூட்டம் ஒழுங்குபண்ணலாம், ஊருக்குள் ஆள் சேர்க்கலாம், கப்பலில் தான் சொன்னது எப்படிப் பலித்தது என்று விளக்கலாம். இத்தனையும் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள் எங்கே என்று பார்த்தால், நெருப்புக்கு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். விறகுக்கட்டை நெருப்பில் போட்டபோதுதான் அதற்குள்ளிருந்து விரியன் பாம்பு வெளியே வந்து அவர் கையைக் கவ்வியது. ஊர்க்காரர்கள், இவன் கொலைகாரன்தான், கடல் விட்டாலும் பழி விடவில்லை பார் என்றார்கள். அவர் உதறி நெருப்பில் போட்டுவிட்டு நின்றார். வீங்கி விழுவான் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விழாததால், இவன் ஒரு தெய்வம் என்றார்கள். இரண்டு அபிப்பிராயத்துக்கும் அவர் வேலையை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

இந்த முறையைக் கையாளுகிறவர்கள் கட்டைத் தூக்குவதற்கு முன் ஒருதரம் தரையில் தட்டிப் பார்த்துக்கொள்ளவும்.